கணக்கு டியூஷன்: தனியாகவா, கூட்டமாகவா?

ஜூன் 3 – கேள்வி

மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் வரை கணக்கில் 80-க்குக் கீழே இறங்கியதில்லை. இப்போது இரண்டு தேர்விலும் 50-ஐ ஒட்டித்தான். வகுப்பில் புரிகிறது என்கிறாள். வீட்டில் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே போட்டால் சரியாக வருகிறது. தேர்வில் கோட்டை விடுகிறாள். டியூஷனுக்கு இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 15 பேர் சேர்ந்து படிப்பது. வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். இன்னொன்று தனியாக ஓர் ஆசிரியர்; வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். தனி டியூஷன்தான் எப்போதும் மேல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே முடிவு செய்துவிடலாமா?

ஜூன் 3, மாலை

இரண்டில் எதையும் இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் அந்த இரண்டு தேர்வுத்தாள்களையும் எடுத்து வையுங்கள். போன மதிப்பெண் ஒவ்வொன்றும் எதனால் போனது என்று தெரியாமல் டியூஷன் தேடுவது, எங்கே வலிக்கிறது என்று பார்க்காமல் மருந்து வாங்குவது மாதிரி.

செய்ய வேண்டியது இதுதான். மதிப்பெண் குறைந்த கேள்விகளை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுங்கள். புத்தகம் வேண்டாம், நேரக்கட்டுப்பாடும் வேண்டாம், பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். அவள் மறுபடி போட்ட பிறகு பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது சரியாக வந்தால், தேர்வில் நடந்தது நழுவல் (எண்ணைத் தவறாக எடுத்து எழுதியது, குறியை விட்டது) அல்லது நேரமின்மை. அதே இடத்தில் அதே தவறு மறுபடி வந்தால், அவள் மனதில் ஒரு தவறான விதி உட்கார்ந்திருக்கிறது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னதும் 'ஓ, இதைத்தான் கேட்டிருக்கிறார்களா' என்று சரியாகப் போட்டால், அது வாசிப்புச் சிக்கல். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தால், அந்தப் பாடம் கற்கப்படவில்லை.

ஆக ஐந்து குவியல்: தெரியாதது, தவறான விதி, தவறாகப் படித்தது, நழுவியது, நேரம் போதாதது. ஒவ்வொன்றிலும் எத்தனை மதிப்பெண் போனது என்று கூட்டுங்கள். எந்தக் குவியல் பெரியதோ அதைக் கரைக்கிற இடம்தான் உங்களுக்கு வேண்டிய டியூஷன். பாடம் தெரியாத பிள்ளைக்கு நன்றாக விளக்கும் ஆசிரியர் போதும், கூட்டமாக இருந்தாலும் பாதகமில்லை. தவறான விதி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு விளக்கம் எவ்வளவு கேட்டாலும் பலிக்காது. கேட்கும்போது தலையாட்டும், எழுதும்போது பழைய விதிதான் வரும். 'புரிகிறது, தேர்வில் வரவில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

ஜூன் 4

தனி டியூஷன் மேல் என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரை. தனியாகக் கற்பிக்கப்பட்ட மாணவர்களில் நடுத்தரமானவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டி நின்றார் என்பது அதில் வருகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இவ்வளவுதான்.

ஆனால் அதில் மூன்றாவது குழு ஒன்று இருந்தது. வழக்கமான வகுப்பைப் போலவே சுமார் 30 பேர், ஓர் ஆசிரியர். ஒரே வித்தியாசம், அவ்வப்போது சின்னத் தேர்வு வைத்து, தவறுகளைத் திருத்தி, மறுபடி சோதித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போனார்கள். அந்தக் குழுவின் நடுத்தர மாணவர் 84 சதவீதம் பேரைத் தாண்டினார். தனியாகக் கற்றவர்களுக்கும் இதே சோதனை, திருத்தம், மறுசோதனை இருந்தது. கூட்டத்தை வைத்துக்கொண்டே, திருத்தும் முறையை மட்டும் மாற்றியதில் பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

பிற்பாடு வந்த ஆய்வுகளில் தனிக் கற்பித்தலின் பலன் அவ்வளவு பெரிதாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புளூம் தனிக் கற்பித்தலுக்குச் சொன்னது 2 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு; மூன்றாவது குழுவுக்கு 1, பாதி தூரம் என்றது அதனால்தான்). 2011-இல் கர்ட் வான்லென் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்தது 0.79. அதுவும் நல்ல பலன்தான், அற்புதம் இல்லை.

ஆகவே, தனியா கூட்டமா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது: என் பிள்ளை தவறாகப் போட்ட கணக்கு இங்கே என்ன ஆகிறது?

ஜூன் 4, இரவு

கணக்கு டியூஷனுக்கே ஒரு கணக்கு. 15 பேர், 90 நிமிடம். புதுப்பாடத்துக்கு 45 நிமிடம் போனால் மீதி 45 நிமிடத்தில் ஆளுக்கு 3 நிமிடம். வாரம் மூன்று நாளுக்கு 9 நிமிடம். தனி டியூஷனில் வாரத்துக்கு 120 நிமிடம். 4 பேருக்கு மேல் இருக்கும் இடம் தவறான விதி உள்ள பிள்ளைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து.

(ஜூன் 14 குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். இதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.)

ஜூன் 6

வீட்டிலேயே தவறான விதிகளைக் கண்டுபிடிக்க ஏதாவது தாள் உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பத்துக் கேள்விகள் தருகிறேன். தெரியாத எண்ணுக்கு இங்கே 'க' என்று போடுகிறேன். 20 நிமிடம், கால்குலேட்டர் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரியாவது வேலை தெரிய வேண்டும், விடை மட்டும் எழுதினால் பயனில்லை.

1) −3² எவ்வளவு? (−3)² எவ்வளவு?
2) 2/3 + 1/4
3) அடைப்பை நீக்கு: 5 − 2(க − 3)
4) விரித்து எழுது: (க + 3)²
5) (க + 6)/(க + 3), சுருக்க முடியுமா?
6) √(9 + 16)
7) 0.3 × 0.2
8) தீர்: க² = 5க
9) ஓர் எண்ணை 20 சதவீதம் கூட்டி, வந்த விடையை 20 சதவீதம் குறைத்தால் பழைய எண் வருமா?
10) ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. இரண்டையும் இணைத்து ஒரு சமன்பாடு எழுது.

சரியான விடையைவிடத் தவறான விடைதான் அதிகம் சொல்லும்.

1-இல் இரண்டுக்கும் 9 என்று வந்தால், அடுக்கு யாரைச் சேர்ந்தது என்பது தெளிவில்லை. முதலாவது −9. 2-இல் 3/7 என்று வந்தால் பின்னத்தை இரண்டு தனித்தனி எண்ணாகப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் இது இருந்தால் இயற்கணிதத்தை நிறுத்திவிட்டு முதலில் பின்னத்துக்குத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் பின்னம் வரும் ஒவ்வொரு சமன்பாட்டிலும் இடறும். 3-இல் சரியான விடை 11 − 2க. −1 − 2க என்று வந்தால் வெளியே உள்ள கழித்தல் குறி அடைப்புக்குள் இரண்டாவது உறுப்பைத் தொடவில்லை. 3க − 9 என்று வந்தால் வேறு சிக்கல்: பெருக்குவதற்கு முன்பே 5-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். ஒரே கேள்வியில் இரண்டு தவறு, இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால்தான் வெறும் தவறுக்குறி போட்டுத் திருப்பித்தரும் ஆசிரியரால் பயன் குறைவு.

4-இல் க² + 9, 5-இல் 2 (மேலும் கீழும் க-வை அடித்துவிட்டு 6/3), 6-இல் 7. இந்த மூன்றும் தனித்தனித் தவறு போலத் தெரியும். மூன்றையும் ஒரே பிள்ளை செய்தால் வேர் ஒன்றுதான், அதற்குத் திரும்ப வருவேன். 7-இல் 0.6 வந்தால் தசமத்தின் இடமதிப்பு. 8-இல் 5 மட்டும் வந்தால், இரண்டு பக்கமும் க-ஆல் வகுத்ததில் பூச்சியம் தொலைந்துவிட்டது. 9-இல் 'வரும்' என்றால், இரண்டாவது 20 சதவீதம் வேறோர் எண்ணின் 20 சதவீதம் என்பது படவில்லை. 100 என்று வைத்தால் 120, பிறகு 96.

10-இல் 6ம = ஆ என்று எழுதுவது மிகவும் பரவலான தவறு. கேள்வியின் சொல்வரிசையை அப்படியே குறியீடாக்கும்போது வருவது. எண் போட்டுப் பார்க்கச் சொன்னால் தானாகவே திருத்திக்கொள்வார்கள்: ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் எத்தனை? 60. ஆக, ம = 6ஆ.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

பத்தாவது கேள்விக்கு இன்னொரு வழி. 6ம = ஆ என்று எழுதிய பிள்ளையிடம் அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஆறு ஆசிரியர்! அப்படிப்பட்ட பள்ளியில் யாருக்கும் டியூஷனே வேண்டியிருக்காது. பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், சமன்பாடும் மனதில் நின்றுவிடும்.

ஜூன் 7 – இன்னொருவர்

எட்டாவது கேள்வியைப் பற்றி. க-ஆல் வகுப்பது எப்போதுமே தவறு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. க ஒரு பக்கத்தின் நீளம் என்று சொல்லியிருந்தால் அது பூச்சியமாக இருக்க முடியாது, தாராளமாக வகுக்கலாம். 'பூச்சியமில்லை என்று தெரிந்தால்தான் வகுக்கலாம்' என்று சொல்லிக்கொடுங்கள்.

ஜூன் 7, இரவு

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். கூடவே ஒன்று: 5 மட்டும் எழுதிய பிள்ளைகளில் சிலர் வகுத்திருக்கவே மாட்டார்கள், 'எந்த எண்ணைப் போட்டால் சரிவரும்' என்று ஊகித்து 5-இல் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு வகுப்பதைப் பற்றிப் பேசி என்ன பயன்? 5க-வை இடப்பக்கம் கொண்டுவந்து க(க − 5) = 0 என்று காரணிப்படுத்தும் பழக்கம்தான் வேண்டும். எழுதிய வரியைப் பார்த்தால்தான் யார் எந்த வகை என்று தெரியும்.

சமன்பாடு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' இந்த ஒரு வாசகம் செய்திருக்கும் சேதம் கொஞ்சநஞ்சமல்ல. க + 3 = 12 வரைக்கும் அழகாக வேலை செய்யும். 3க = 12 வந்ததும் ஒரு பிள்ளை 12 − 3 = 9 என்று எழுதும். இன்னொரு பிள்ளை 12-ஐ −3-ஆல் வகுத்து −4 என்று எழுதும். இரண்டுமே சொல்லிக்கொடுத்த விதியைக் கடைப்பிடித்து வந்த விடைதான். பிள்ளை கவனக்குறைவாக இல்லை, சொன்னபடி செய்திருக்கிறது.

எதுவும் எந்தப் பக்கமும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம்: இரண்டு பக்கமும் 3-ஐக் கழி, இரண்டு பக்கமும் 3-ஆல் வகு. முதல் சில வாரம் அந்த வரியை எழுத வைக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். வரி கூடும், வேகம் குறையும், பரவாயில்லை. பின்னால் அசமன்பாடு வரும்போது இதன் அருமை தெரியும். −2க > 6 என்பதில் இரண்டு பக்கமும் −2-ஆல் வகுத்தால் குறி திரும்பி க < −3 ஆகிறது. −4 போட்டுப் பார்த்தால் 8 > 6, சரி. −1 போட்டால் 2 > 6, தவறு. 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று பழகிய பிள்ளைக்கு இங்கே எந்தக் குறி மாறுகிறது என்பதே குழப்பம்.

ஜூன் 9

மாதிரி வகுப்புக்குப் போனால் எதைப் பார்ப்பது?

புதுப்பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். புதுப்பாடத்தை எல்லோரும் நன்றாகத்தான் நடத்துவார்கள். பிள்ளை உண்மையாகவே தவறாகப் போட்ட இரண்டு கணக்கைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் கையிலேயே இருந்து, அவரே வரிவரியாகப் போட்டுவிட்டு 'புரிஞ்சுதா?' என்று கேட்டால், பிள்ளை 'புரிஞ்சுது' என்றுதான் சொல்லும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று மனதுக்குள் எண்ணுங்கள். வகுப்பறையில் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே பதிவு செய்திருக்கிறார். அதை 3 விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது. கணக்கில் 3 விநாடி கூடக் குறைவுதான்.

எல்லாவற்றிலும் முக்கியம், தவறைப் பார்த்ததும் என்ன செய்கிறார் என்பது. அழித்துவிட்டுச் சரியானதை எழுதுகிறாரா, 'இந்த வரி எப்படி வந்தது, சொல்லு' என்று கேட்கிறாரா? இரண்டாவது வகை ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். சரியான விடைக்கும் 'எப்படி?' என்று கேட்பவர் இன்னும் அருமை. ஏனென்றால் தவறுக்கு மட்டும் கேட்டால், 'எப்படி' என்று கேட்டவுடனேயே பிள்ளை தன் விடை தவறு என்று கண்டுகொண்டு அழித்துவிடும்.

வகுப்பு முடியுமுன் எண்ணை மட்டும் மாற்றி ஒரு கணக்கைத் தனியாகப் போட விடுகிறாரா என்று பாருங்கள். கடைசியாக நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இன்று தவறாகப் போட்ட கணக்கை மறுபடி எப்போது கொடுப்பீர்கள்?' பதில் தயாராக இருக்கும் இடம் நல்ல இடம். 'அதெல்லாம் ரிவிஷன்ல பார்த்துக்கலாம்' என்றால் யோசியுங்கள்.

சுவரில் ஒட்டியிருக்கும் 100 மதிப்பெண் படங்களைப் பொருட்படுத்த வேண்டாம். அந்தப் பிள்ளைகள் சேரும்போது எவ்வளவு வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது அந்தப் படத்தில் இருக்காது.

ஜூன் 10

'என் பையனுக்கு எல்லாம் தெரியும், கவனக்குறைவு மட்டும்தான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் ஒரே வகைத் தவறு மூன்று வெவ்வேறு இடத்தில் வந்தால் நான் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். நழுவல் என்றால் சிதறித்தான் வரும், ஒருநாள் 7-ஐ 1 என்று படிப்பது, ஒருநாள் கடைசி வரியை எழுத மறப்பது. அடைப்புக்கு முன்னால் கழித்தல் வரும்போதெல்லாம் தவறுவது நழுவல் அல்ல.

ஒரு விதிவிலக்கு. கரும்பலகையிலிருந்து எடுத்து எழுதும்போது மட்டும் எண்கள் மாறினால் டியூஷனுக்கு முன் கண்ணைப் பரிசோதியுங்கள்.

ஜூன் 11

பயிற்சித்தாள் பற்றிக் கேட்டவருக்கு: எத்தனை கணக்கு தருகிறார்கள் என்பதைவிட எப்படிக் கலந்து தருகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரே வகைக் கணக்கு 30 கொடுத்தால் முதல் மூன்றுக்குப் பிறகு பிள்ளை யோசிப்பதில்லை, கை ஓடுகிறது. 30-க்கு 28 வரும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. தேர்வில் அதே கணக்கு வேறு கணக்குகளுக்கு நடுவே வரும்போது எந்த வழியில் போடுவது என்று தெரியாமல் நிற்கும். ஏனென்றால் வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதுவரை தாளின் தலைப்பே செய்துகொடுத்திருக்கிறது. 'எடுத்துக்காட்டைப் பார்த்துப் போட்டால் வருகிறது, தேர்வில் வரவில்லை' என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

இந்த மூன்றையும் பாருங்கள்:

க² − 9 = 0
க² − 9க = 0
க² − 9க + 20 = 0

பார்வைக்கு அண்ணன் தம்பி. முதலாவதற்கு 3, −3. இரண்டாவதற்கு 0, 9. மூன்றாவதற்கு 4, 5. மூன்றுக்கும் வழி வேறு. அடுத்தடுத்துக் கொடுத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.

டக் ரோரரும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் கலந்த பயிற்சி, தனித்தனிப் பயிற்சி இரண்டையும் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் தேர்வு வைத்ததில் கலந்து படித்த பகுதியில் 74 சதவீதம், தனித்தனியாகப் படித்ததில் 42. போட்ட கணக்குகளின் எண்ணிக்கை ஒன்றுதான், வரிசைதான் மாறியிருந்தது.

நான் பரிந்துரைக்கும் தாள்: 12 கணக்கு. 4 இந்த வாரப் பாடம், 4 போன மாதம், 4 அதற்கும் முன்னால். கலைத்துப்போட்டு, தலைப்பில்லாமல். முதல் மூன்று வாரம் மதிப்பெண் இறங்கும். அப்போது டியூஷனை மாற்றிவிடாதீர்கள். அந்தச் சிரமம்தான் பயிற்சி.

ஜூன் 12

ஆன்லைன் டியூஷன் என்றால் கேமரா நோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், முகத்துக்கு எதிரே அல்ல. எழுதும் கை தெரியாவிட்டால் ஆசிரியர் விடையை மட்டும்தான் பார்க்கிறார். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பும்போது ரஃப் வேலையும் படத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் 14

ஜூன் 4 இரவு போட்ட கணக்கைத் திரும்பப் பார்த்தேன். ஆசிரியர் பிள்ளைக்குத் தரும் நிமிடத்தை எண்ணினேன். பிள்ளை தானாக எழுதும் நிமிடத்தை எண்ணவில்லை. அது தவறு.

தனி டியூஷனில் ஆசிரியரே 50 நிமிடம் போட்டுக்காட்டினால் பிள்ளை எழுதுவது 10 நிமிடம், வாரத்துக்கு 20. அந்த 15 பேர் வகுப்பில் தினம் 45 நிமிடம் எழுத விட்டால் வாரத்துக்கு 135. அங்கே எழுதியதை வகைப்படுத்தித் திருத்தும் ஏற்பாடும் இருந்தால் (ஒரே தவறு செய்த மூன்று நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவருக்கு 3 நிமிடம் என்பது நான்கு பேருக்கு 12 நிமிடம் ஆகிவிடுகிறது), நான் கூட்டத்தையே தேர்ந்தெடுப்பேன். '4 பேருக்கு மேல் ஒத்துவராது' என்பதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள்: பிள்ளை எழுதும் நேரம் எவ்வளவு, எழுதியதை ஆசிரியர் பார்க்கும் நேரம் எவ்வளவு.

எந்த டியூஷனாக இருந்தாலும் வீட்டில் ஒரு தவறு நோட்டு வையுங்கள். கேள்வி, தவறான வரி அப்படியே, ஏன் தவறு என்று பிள்ளையின் சொந்தச் சொல்லில் ஒரு வாக்கியம், மறுபடி போட்ட தேதிகள். மறுபடி போடுவது 2 நாள் கழித்து, 1 வாரம் கழித்து, 3 வாரம் கழித்து. மூன்று முறையும் சரியென்றால் அடித்துவிடலாம். நடுவில் தவறினால் முதலிலிருந்து. வாரத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். இருபது எழுதச் சொன்னால் அது காப்பி எழுதும் வேலையாகிவிடும், யோசனை நின்றுவிடும். 'கவனமாக இருக்கணும்' என்ற வாக்கியத்தை ஏற்காதீர்கள். அது காரணம் அல்ல.

ஜூன் 15

வடிவியலைப் பற்றி யாருமே கேட்கவில்லை. தேற்றத்தின் நிரூபணத்தை மனப்பாடமாக வாங்குகிற டியூஷனைக் கண்டுபிடிப்பது எளிது. படத்தைத் தலைகீழாகத் திருப்பி, புள்ளிகளின் எழுத்துகளை மாற்றிக் கொடுங்கள். மனப்பாடம் என்றால் முதல் வரியிலேயே நின்றுவிடும். நல்ல பழக்கம்: புத்தகத்தின் படத்தை மூடிவிட்டு, கேள்வியைப் படித்துத் தானே படம் வரைவது. முக்கோணம் என்றாலே சமபக்க முக்கோணம் மாதிரி வரைகிற பிள்ளை, கொடுக்காத சமத்தை எல்லாம் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வேண்டுமென்றே கோணலாக, ஒரு விரிகோணத்தோடு வரையப் பழக்குங்கள்.

கால்குலேட்டர் அனுமதிக்கும் தேர்வென்றால் ஒரு சின்ன விஷயம். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் கருவி பாகையில் இல்லை, ரேடியனில் இருக்கிறது. தேர்வுக்குள் நுழையுமுன் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

ஜூன் 18 – கேள்வி கேட்டவர்

இரண்டு தாளையும் பிரித்தோம். பெரிய தேர்வில் 100-க்கு 54. போன 46-இல் தவறான விதி 24, நேரமில்லாமல் விட்டது 12, நழுவல் 6, தவறாகப் படித்தது 4. தெரியாதது எதுவும் இல்லை. பத்துக் கேள்வித் தாளில் 4, 5, 6 மூன்றும் தவறு. நீங்கள் எழுதியிருந்த அதே விடைகள்: க² + 9, 2, 7. மற்றவை சரி. தனி ஆசிரியரிடம் மாதிரி வகுப்புக்கும் போய்வந்தாள். பேனா அவள் கையில்தான் இருந்ததாம். 15 பேர் வகுப்பில் தவறான கணக்கை மறுபடி கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள்.

ஜூன் 18, இரவு

அப்படியானால் தனி ஆசிரியர். ஆனால் வருடம் முழுவதற்கும் இப்போதே பேச வேண்டாம். 8 வகுப்பு, அதாவது 4 வாரம், இந்த ஒரே சிக்கலுக்கு என்று கேளுங்கள். பள்ளிப்பாடத்தோடு ஓட வேண்டும் என்று அவர் சொன்னால் முதல் 30 நிமிடமாவது இதற்கு வேண்டும் என்று வற்புறுத்துங்கள். நேரமில்லாமல் போன 12-ஐ இப்போது விட்டுவிடுங்கள். தவறான வழியில் போய்த் திரும்பி வருகிற பிள்ளைக்கு நேரம் போதாதுதான். விதி சரியானால் அதில் ஒரு பகுதி தானே திரும்பும் என்று நினைக்கிறேன்.

மூன்று தவறுக்கும் வேர் ஒன்று என்று சொன்னேன் அல்லவா. உங்கள் மகள் கூட்டலைப் பிரித்துப்போடுகிறாள். வர்க்கம், வர்க்கமூலம், வகுத்தல், எது வந்தாலும் கூட்டலுக்குள்ளே புகுந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பங்கு போட்டுவிடுகிறாள். ஏன் என்றால், 2(அ + ஆ) = 2அ + 2ஆ என்பதில் அது சரியாக வேலை செய்தது. சரியான விதி ஒன்று எல்லை தாண்டிப் பரவியிருக்கிறது. எண்கள் கையில் இருக்கும்வரை அடைப்புக்குள்ளே முதலில் கூட்டிவிடலாம், இந்தத் தவறு வெளியே தெரியாது. எழுத்துகள் வந்ததும் கூட்ட முடியாமல் போய் வெளிப்படுகிறது. 80-லிருந்து 50-க்கு வந்ததன் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

முதல் வகுப்புக்கு இந்தப் பட்டியலைக் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொன்றும் சரியா தவறா என்று முதலில் ஊகிக்கட்டும்; பிறகு அ = 9, ஆ = 16, இ = 2 போட்டுச் சோதிக்கட்டும்.

(அ + ஆ)² = அ² + ஆ²
(அ × ஆ)² = அ² × ஆ²
√(அ + ஆ) = √அ + √ஆ
√(அ × ஆ) = √அ × √ஆ
(அ + ஆ)/இ = அ/இ + ஆ/இ
இ/(அ + ஆ) = இ/அ + இ/ஆ

இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது மட்டும் நிற்கும். ஐந்தும் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேண்டுமென்றேதான். கூட்டல் மேலே இருந்தால் பிரிக்கலாம், கீழே இருந்தால் முடியாது.

அ, ஆ இரண்டில் ஒன்றுக்குப் பூச்சியம் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அ = 0 என்றால் முதல் விதியும் மூன்றாவது விதியும் சரி போலக் காட்டும். இரண்டுக்கும் 2 போடுவதும் ஆகாது. 2 + 2, 2 × 2, 2² மூன்றும் 4 என்பதால் எது எதனால் வந்தது என்று தெரியாது. இன்னொன்று, எண் போட்டுத் தவறினால் விதி செத்தது, சந்தேகமில்லை. எண் போட்டுச் சரிவந்தால் விதி சரியென்று நிரூபணம் ஆகிவிடாது, இன்னும் விசாரணையில் இருக்கிறது என்று மட்டும் பொருள்.

(க + 3)²-க்கு ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் க, 3 என்று பிரித்துக் கோடு போட்டால் நான்கு துண்டு: க², 3க, 3க, 9. அவள் இதுவரை விட்டுக்கொண்டிருந்தது அந்த இரண்டு செவ்வகங்களை. ஆக, க² + 6க + 9.

ஜூன் 19

பலன் தெரிய எவ்வளவு நாள் என்று கேட்டிருந்தீர்கள். டியூஷனில் வைக்கும் தேர்வின் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அன்று நடத்திய பாடத்தை அன்றே சோதிப்பது. 8 வகுப்பு முடிந்ததும் உடனே சோதிக்கவும் வேண்டாம். மூன்று வாரம் விட்டு, முன்கூட்டிச் சொல்லாமல், வேறு கணக்குகளுக்கு நடுவே இந்த நான்கையும் கலந்து கொடுங்கள்:

(க + 5)²
(க + 8)/(க + 4)
√(25 + 144)
(6க + 9)/3

கடைசியில் 2க + 3 வர வேண்டும். முதல் மூன்றில் எச்சரிக்கையாகி, பிரிக்கலாம் என்ற இடத்திலும் பயந்து நிற்கிறாளா என்று பார்ப்பதற்குத்தான் அதைச் சேர்த்திருக்கிறேன். நான்கும் சரியாக இருந்தால் வாரம் ஒரு வகுப்பாகக் குறைத்துவிட்டு, அந்தத் தனி நேரத்தைக் கலந்த தாளுக்குக் கொடுங்கள். ஒன்று தவறினாலும் அந்த வரியை அழிக்க விடாமல் அப்படியே ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.